‘வாடா’வும் ‘வாடி’யும்: சிறுவர் சேனல் டப்பிங் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் கார்ட்டூன் தரும் சேனல்கள், ஓடிடி தளங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், வசனம் எழுதுபவர்களுக்கும், டப்பிங் இயக்குநர்களுக்கும், குரல் கலைஞர்களுக்கும் வணக்கம்.

ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று கார்ட்டூன்கள் பிள்ளைகளுக்கு எதையெல்லாம் சொல்லிக்கொடுக்கின்றன என்று பேச்செடுத்தாலே பழி கடல் தாண்டிப் போய்விடுகிறது. ஜப்பான்காரன் அப்படி வரைந்தான், அமெரிக்காக்காரன் அப்படி எழுதினான், நாம் மொழியை மட்டும்தானே மாற்றினோம் என்பார்கள். (இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை ‘ஆன்’ விகுதி என்று எண்ணிப் பாருங்கள்.) மூலத்தில் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளையின் காதில் விழும் கோளாறில் கணிசமான பங்கு இங்கே, நம் ஸ்கிரிப்டில் பிறக்கிறது. அதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காசும் அதிகம் ஆகாது. அதைப் பற்றி மட்டும் பேசத்தான் இந்த மடல்.

ஒரு சின்ன வரி: ஆங்கில ஸ்கிரிப்டில் ‘டாக்டர் இஸ் ஹியர்’ என்று இருக்கிறது. டாக்டர் இன்னும் திரையில் வரவில்லை. தமிழில் கை தானாக ‘டாக்டர் வந்துட்டாரு’ என்று எழுதும். எழுத்துத் தமிழில் ‘வந்தார்’ இருபாலுக்கும் பொது. பேச்சுத் தமிழில் ‘வந்தாரு’ ஆணுக்கு மட்டும்தான், பெண்ணுக்கு ‘வந்தாங்க’. மூன்று காட்சி தள்ளிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் டாக்டர் வந்தால், பிள்ளைக்கு இதுவரை கேட்டது பொய் என்று ஆகிறது. அல்லது நர்ஸ்தான் முதலில் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது. ‘டாக்டர் வந்தாச்சு’ என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒலியசையும் ஒன்று குறைவு.

ஆங்கில வினையில் பால் கிடையாது. தமிழில் படர்க்கை ஒருமைக்கு வந்தால் பெரும்பாலான வினைமுற்றுகளிலேயே ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். அதனால் மூலம் சும்மா விட்ட இடத்திலெல்லாம் நாம் ஒரு முடிவு எடுக்கிறோம், அந்த முடிவு பெரும்பாலும் ‘ஆன்’ பக்கம் சாய்கிறது. ஆமை, கரடி, பேசும் பஸ், ரோபோ, பக்கத்து வீட்டுக்காரர், நீதிபதி, பந்தயத்துக்கு வர்ணனை சொல்லும் குரல் எல்லாம் ஆண். கொண்டை, ரிப்பன், நீளமான இமை வரைந்திருந்தால் மட்டும் பெண்.

இந்தி ஸ்கிரிப்டிலிருந்து தமிழாக்கினால் வேறு மாதிரி வழுக்கும். இந்தியில் அஃறிணை என்று தனியே இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலோ பெண்பாலோ ஆகவேண்டும். நரிக்கு அங்கே ‘லோம்டி’, பெண்பால். இலக்கணத்துக்காகப் பெண்ணான அந்தத் தந்திர நரி, தமிழுக்கு வரும்போது ‘அவ சரியான ஏமாத்துக்காரி’ என்று நிஜப் பெண்ணாகிவிடும். நரி எந்தப் பால் என்று மூல மொழிப் பாத்திரப் பட்டியலில் பாருங்கள். இந்தி வினையை நம்பாதீர்கள்.

இது நமக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. ‘ஜங்கிள் புக்’ கதையின் கருஞ்சிறுத்தை பகீரா மூலத்தில் ஆண். ரஷ்ய மொழியில் அந்த விலங்கின் பெயர்ச்சொல் பெண்பால் என்பதால், சோவியத் கார்ட்டூனில் பகீரா பெண்ணாகவே வந்தது. அது இலக்கணம் இழுத்த இழுப்பு. வேண்டுமென்றே மாற்றியதும் உண்டு. 1992இல் ஜப்பானில் தொடங்கிய ‘செய்லர் மூன்’ தொடரில் ஜோய்சைட் என்ற வில்லன் ஆண். அவனுக்கும் இன்னொரு ஆண் வில்லனுக்கும் காதல். 1995இல் வந்த ஆங்கில டப்பிங்கில் ஜோய்சைட்டுக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாக்கிவிட்டார்கள். படத்தில் ஒரு கோடு மாறவில்லை. டப்பிங் வெறும் மொழிமாற்றம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இனி ‘நீ’, ‘நீங்க’. இதுதான் எங்களுக்கு மிகவும் உறுத்துவது.

ஆங்கிலத்தில் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் ‘யூ’ என்கிறார்கள். தமிழில் அம்மா ‘என்னங்க, உங்க டை எங்கேன்னு பாத்தீங்களா?’ என்பாள்; அப்பா ‘நீதானே எடுத்து வெச்ச!’ என்பார். (இந்த வாக்கியத்தில் நாங்களே ‘என்பாள்’, ‘என்பார்’ என்று எழுதியிருக்கிறோம், இரண்டாவது முறை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பழக்கம் அவ்வளவு ஆழம். திருத்தாமல் விட்டிருக்கிறோம்.) மூலத்தில் இருவரும் சமம். இங்கே ஒரே இரவில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. 26 எபிசோடு ஓடும் தொடரில் அம்மா அப்பா பேசும் காட்சி எபிசோடுக்கு மூன்று வந்தால்கூட, பிள்ளை இந்த ஏற்றத்தாழ்வை 78 முறை கேட்கிறது. எந்தப் பாத்திரமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

‘நம்ம வீடுகளில் அப்படித்தானே பேசுகிறார்கள்’ என்ற பதில் வரும். பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் எல்லா வீடுகளிலும் அல்ல. இன்றைய இளம் தம்பதிகள் பலர் பெயர் சொல்லி, ‘நீ’ போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள். கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்பார்கள்; மரியாதை அங்கே மனைவியின் தலையில் மட்டும் விழுந்த சுமை இல்லை. யாழ்ப்பாணத் தமிழில் கணவனும் மனைவியும் ‘நீர்’, ‘வாரும்’ என்று பேசிக்கொள்ளும் நடுத்தர மரியாதை ஒன்று இருக்கிறது. ஆக, தமிழில் வழி இல்லாமல் இல்லை. விதியை இப்படி வைத்துக்கொள்ளலாம்: மூலத்தில் இருவரும் சமமாகப் பேசினால் தமிழிலும் இரண்டு பக்கமும் ஒரே சொல். இருவரும் ‘நீ’, அல்லது இருவரும் ‘நீங்க’. தாத்தா பாட்டி ஜோடிக்கு இரண்டு பக்கமும் ‘நீங்க’ கேட்க அழகாகவே இருக்கும். மூலத்திலேயே ஆள் அதிகாரம் செய்கிறவர், அதுதான் நகைச்சுவை என்றால் மட்டும் பேதம் வையுங்கள். அப்போது அது அந்த ஆளின் குணம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

‘டா’, ‘டி’ கதை இன்னும் நுணுக்கமானது. பெண் பிள்ளையை ‘வாடா செல்லம்’ என்று அப்பா கொஞ்சுவார். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆண் பிள்ளையை ‘வாடி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், அது கேலி. ஒரு திசையில் போனால் செல்லம், மறு திசையில் அவமானம். இதை ஐந்து வயதுப் பிள்ளை இலக்கண வகுப்புக்குப் போகாமலே பிடித்துக்கொள்கிறது. ஆகவே பயந்து அழும் பையனைக் கூட்டாளிகள் ‘போடி’ என்று விரட்டும் வரி மூலத்தில் இல்லாத இழிவைக் கொண்டுவருகிறது. மூலத்தில் ‘டோன்ட் பி எ பேபி’ என்றுதான் இருக்கும், அதாவது சின்னக் குழந்தை மாதிரி அழாதே என்று. குழந்தை என்பதைப் ‘பொண்ணு’ என்று மாற்றியது யார்? நாம்தான். ‘பாப்பா மாதிரி அழாத’ என்றால்கூடக் கவனம் தேவை, ‘பாப்பா’ நம் காதுக்குப் பெண் பிள்ளைப் பக்கம் சாய்ந்த சொல். ‘பால்புட்டி வேணுமா?’ என்று கேட்கலாம். சிரிப்பும் வரும்.

‘கம் ஆன், கைஸ்!’ என்பது எபிசோடுக்குப் பத்துத் தடவை வரும். அதற்கு ‘வாங்கடா!’ என்று எழுதினால் கூட்டத்தில் நிற்கும் ஒரே பெண் பிள்ளை காணாமல் போகிறாள். ‘வாங்க வாங்க!’, ‘கிளம்பலாம்!’, ‘ம், ஓடுங்க!’ எல்லாமே அதே நேரத்துக்குள் அடங்கும். ‘பசங்களா’ பரவாயில்லை, பல ஊர்களில் அது பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாகவே புழங்குகிறது.

பையன் பாத்திரங்களில் ‘டா’ ஏன் இவ்வளவு கொட்டுகிறது என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. உலகெங்கும் சிறு பையன்களுக்குக் குரல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண் கலைஞர்கள். 1979 முதல் 2005 வரை ஜப்பானில் டோரேமானின் குரலாக இருந்த நொபுயோ ஒயாமாவும் நடிகைதான். பெண் குரலில் பையன் பேசும்போது, இது பையன்தான் என்று அழுத்திக் காட்ட வரிக்கு வரி ‘டா’ ஒட்டப்படுகிறது. இன்னொன்று, வாயசைவு ஒரு அசை மிச்சமிருந்தால் அதை நிரப்ப ‘டா’ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘பா’, ‘ல’, ‘இல்ல’, ‘சரி’, ‘ம்ம்’ என்று வேறு எத்தனையோ நிரப்பிகள் உண்டு. ‘டா’வை ஒழிக்கச் சொல்லவில்லை. அது போனால் தமிழ்க் கார்ட்டூனின் உயிரே போய்விடும். நட்பு தெரியும் இடத்தில் மட்டும் வரட்டும்.

ஒலியசைக் கணக்கு என்று ஆரம்பித்ததால் முழுசாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ‘லிப் சிங்க்குக்கு உட்காரல’ (வாயசைவுக்குப் பொருந்தவில்லை) என்பதுதான் ஸ்டூடியோவில் கடைசி வாதம். ‘வந்துட்டான்’ மூன்று அசை, ‘வந்துட்டாங்க’ நான்கு. ஓரளவு வேகமான தமிழ்ப் பேச்சில் ஒரு அசைக்கு ஏறத்தாழ 4, 5 பிரேம் போகும். நொடிக்கு 24 பிரேம். அதாவது வித்தியாசம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. டிவி கார்ட்டூன்களில் வாய் பெரும்பாலும் திறந்து மூடும் சில படங்களின் சுழற்சிதான்; உதடு ஒட்டும் ப, ம ஒலிகளும் வரி முடியும் இடமும் பொருந்தினால் போதும், கண் ஏமாந்துவிடும். அப்படியும் இடிக்கிறதா? எழுவாயைத் தூக்குங்கள். தமிழில் வினையே ஆளைக் காட்டிவிடும். ‘அவங்க வந்துட்டாங்க’ என்பதில் முதல் சொல் வேண்டாம்.

பாலே தெரியக்கூடாத காட்சிகளுக்கு இன்னொரு வித்தை தேவைப்படும். முகமூடி போட்ட வீரர் யாரென்று கடைசியில் தெரியும் எபிசோடு எல்லாத் தொடரிலும் ஒன்று வரும். ஹெல்மெட்டைக் கழற்றினால் பெண். தமிழில் அதுவரை ‘அவன் யார்ரா, பின்னுறான்!’ என்று போயிருந்தால் கதை சொன்னவர் ஏமாற்றிய மாதிரி இருக்கும். ‘அவ’ என்று போயிருந்தால் குட்டு உடைந்திருக்கும். தமிழில் பால் காட்டாத வினைகள் தாராளமாக இருக்கின்றன. ‘வரணும்’, ‘வரலாம்’, ‘வரட்டும்’, ‘வர முடியும்’, ‘வரல’ ஆகிய ஐந்தும் ஆண், பெண், பன்மை, அஃறிணை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ‘வரமாட்டான்’ காட்டிக்கொடுத்துவிடும், ‘வர வாய்ப்பே இல்ல’ காட்டிக்கொடுக்காது. ‘யாரது? என்ன வேகம்!’ என்ற வரியில் பால் எங்கே இருக்கிறது? தன்மையும் முன்னிலையும் இயல்பாகவே பால் அற்றவை, ஆகவே கேள்வியை நேராக அந்த முகமூடியிடமே கேட்கவைத்தால் இன்னும் சுலபம்: ‘யார் நீ?’

மூலத்தில் இல்லாமல் நாம் சேர்க்கும் வரிகள்தான் அடுத்த கவலை. வாய் தெரியாத இடம், முதுகு காட்டும் இடம், கூட்டம் கத்தும் இடம் ஆகியவற்றில் நகைச்சுவைக்காக வரிகள் நுழைகின்றன. அப்பா சமையலறையில் நிற்கும் படம். மூலத்தில் வெறும் இசை. தமிழில், ‘ஐயையோ, இன்னைக்கு அப்பா சமையலா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?’ எழுதியவருக்கு அது ஒரு சாதாரண கிண்டல். அப்பா சமைப்பது இயல்பு என்று படம் சொல்லிக்கொண்டிருக்க, விபத்து என்று ஒலி சொல்கிறது. அதே போல மெலிந்த குரலுள்ள வில்லனை ‘கொஞ்சம் நளினமா’ பேசச் சொல்வது, திருநங்கையரை இழிக்கும் பழைய சினிமாச் சொற்களை வீசுவது. சிறுவர் நிகழ்ச்சியில் அவற்றுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்து 2008இலேயே வழிகாட்டிய மாநிலம் இது. நம் டப்பிங் அதற்கு முந்தைய காலத்தில் நிற்பானேன்?

சினிமா பஞ்ச் வசனம் செருகும் பழக்கமும் இந்த வகைதான். வசனம் தனியாக வராது. அந்த ஹீரோவின் பெண் பற்றிய பார்வையும் கூடவே வரும்.

மூலத்தின் கோளாறுகளையும் சும்மா விடமுடியாது. பெல்ஜியத்தில் 1958இல் பேயோ உருவாக்கிய ஸ்மர்ஃப் கிராமத்தில் எல்லாரும் ஆண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம். 1966இல் வந்த ஸ்மர்ஃபெட்டுக்கு மட்டும் பெண் என்பதே குணம். அதுவும் அவர்களுக்குள் கலகம் மூட்ட ஒரு சூனியக்காரன் செய்து அனுப்பிய பெண். கறுப்பு முடி பொன்னிற முடியான பிறகுதான் எல்லாருக்கும் பிடிக்கிறது. அமெரிக்கக் கட்டுரையாளர் கேத்தா பாலிட் 1991இல் இந்த ‘கூட்டத்துக்கு ஒரு பெண்’ ஏற்பாட்டுக்கு ஸ்மர்ஃபெட்டின் பெயரையே சூட்டினார். நம் சோட்டா பீம் 2008இல் வந்தது. பீம், ராஜு, ஜக்கு, காலியா, டோலு, போலு என்று ஆறு பேருக்கு எதிரே சுட்கி, இந்துமதி என்று இருவர். டோரேமான் எதிர்காலத்திலிருந்து வருவதற்கே ஒரு காரணம், நோபிதா என்ற பையன் ஜைக்கோவைக் கட்டிக்கொள்ளும் விதியை மாற்றி ஷிசுகாவைக் கட்டிவைப்பது. குண்டான, அழகில்லை என்று வரையப்பட்ட பெண் கெட்ட எதிர்காலமாகவும், அழகான பெண் பரிசாகவும் ஆகும் கதை அது.

இவற்றை டப்பிங்கில் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் கூட்டாமல் இருக்கலாம். ஜைக்கோ திரையில் வரும்போதெல்லாம் ‘குண்டம்மா’ என்று தமிழ்க் கூட்டம் கத்தத் தேவையில்லை. கேள்வி கேட்கும் பெண் பாத்திரத்துக்கு ‘வாயாடி’, அதையே கேட்கும் பையனுக்கு ‘கெட்டிக்காரன்’ என்று பட்டம் கொடுக்கத் தேவையில்லை. எண்ணிக்கையையும் ஓரளவு சரிக்கட்டலாம். முதன்மைப் பாத்திரங்களின் குரலுக்கு உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். ஆனால் ஒலிபெருக்கி அறிவிப்பு, ரேடியோச் செய்தி, பந்தய வர்ணனை, பால் குறிப்பிடப்படாத பஸ் டிரைவர் போன்றவை உங்கள் கையில்தான். பாதியைப் பெண் குரலுக்குக் கொடுங்கள். ‘லேடி டாக்டர்’, ‘பெண் விஞ்ஞானி’ என்று முன்னொட்டு வேண்டாம். ‘பா பட்ரோல்’ தொடரில் மேயர் குட்வே ஒரு பெண். அவரை ‘மேயர் சொன்னாங்க’ என்றால் போதும். சென்னைப் பிள்ளைக்கு அதில் வியப்பு ஒன்றும் இருக்காது. 2022 முதல் அதன் சொந்த ஊர் மேயரே பெண்தான்.

செய்முறைக்கு வருவோம். முதல் எபிசோடு எழுதும் முன் ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பேசுபவர், மேலே கேட்பவர், சந்திக்கும் கட்டத்தில் நீ/நீங்க, டா/டி உண்டா, உறவுமுறை என்ன. எட்டு முக்கியப் பாத்திரங்கள் என்றால் 56 கட்டங்கள். ஒருவர் அரை நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும், தொடர் முழுக்கப் பயன்படும். குறுக்காக எதிரெதிர்க் கட்டங்களை ஒப்பிட்டால் பேதம் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும். எழுத்தாளர் நடுவில் மாறினாலும் இது காப்பாற்றும். ஐந்தாம் எபிசோடில் ‘நீ’ என்றவள் ஆறாம் எபிசோடில் ‘நீங்க’ என்னும் அபத்தமும் நிற்கும். பாத்திரத்தின் பால் மூலத்தில் சொல்லப்பட்டதா, நாம் ஊகித்ததா என்று தனியாக ஒரு நெடுவரிசை வையுங்கள்.

அடுத்தது தேடல். முடிந்த ஸ்கிரிப்டில் ‘ஆம்பள’, ‘ஆம்பளை’, ‘ஆம்புள’, ‘பொம்பள’, ‘பொட்ட’, ‘பொண்ணு மாதிரி’, ‘பொண்ணா இருந்துட்டு’, ‘பையன்னா’, ‘வளையல்’, ‘அடக்கம்’, ‘என்னங்க’ ஆகியவற்றைத் தேடுங்கள். ‘டி’ என்று மட்டும் தேடினால் வண்டி, பாட்டி, குட்டி எல்லாம் வந்து கொட்டும், ‘டி!’, ‘டி?’, ‘டி,’ என்று நிறுத்தற்குறியோடு தேடினால் குப்பை பெருமளவு குறையும். ஸ்கிரிப்ட் யூனிகோடில் இல்லாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் எதுவும் அகப்படாது, ‘சுத்தமாக இருக்கிறது’ என்று ஏமாந்துபோவீர்கள். முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். தேடலில் கிடைத்ததெல்லாம் தப்பு என்றும் இல்லை. சொல்வது யார், கதை அதை ஆமோதிக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

மூலத்தில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அந்த வரிகளை மட்டும் எழுதாத இன்னொருவர் படிக்கட்டும். 22 நிமிட எபிசோடுக்கு அது பத்து நிமிட வேலை. ஒலிப்பதிவு அறையில் கலைஞர் தன்னிச்சையாகச் சேர்த்ததையும் இன்ஜினியர் அதே ஸ்கிரிப்டில் கூட்டல் குறியோடு குறிக்க வேண்டும். இந்தப் படியைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் சுத்தமாக இருக்கும், ஒளிபரப்பில் ‘போடி’ இருக்கும்.

மிக்சிங் முடிந்ததும் படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். படம் கண்ணை இழுத்துக்கொள்ளும்போது காதுக்குத் தப்பும் மரியாதை ஏற்றத்தாழ்வு, இருட்டில் நன்றாகக் கேட்கும்.

இதையெல்லாம் செய்கிறேன் என்று பாடநூல் தமிழுக்குப் போய்விடாதீர்கள். ‘அவர்கள் வருகிறார்கள், நண்பர்களே’ என்று பேசும் கார்ட்டூனைப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடும். 2007இல் சுட்டி டிவி தொடங்கியபின் வந்த டப்பிங்குகளைப் பிள்ளைகள் தூக்கிவைத்துக் கொண்டாடியதற்குத் தெருத் தமிழ்தான் காரணம். டோராவின் குரங்குக்குப் ‘புஜ்ஜி’ என்று பெயர் வைத்தவருக்கு எங்கள் மரியாதை என்றும் உண்டு. அதே டோராவில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்து முன்னால் நடப்பது ஒரு பெண் பிள்ளை. அந்தத் தொடரை ரசிக்கத் தமிழ்ப் பையன்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை.

சேனல் நிர்வாகத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இன் 6வது விதி, பெண்களை நேர்மறையாகவும் தலைமைப் பொறுப்பிலும் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு முயலச் சொல்கிறது. சிறுவர் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தை கூடாது என்கிறது. 2021 திருத்தத்துக்குப் பின், பார்வையாளர் புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் பதிலும் தர வேண்டும். ‘மூலத்தில் அப்படித்தான்’ என்று பதில் எழுதும் முன் கூட்டல் குறி போட்ட ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். அந்த வரி மூலத்தில் இல்லாமல் போகலாம்.

புதுத் தொடர் கைக்கு வந்ததும் எங்களுக்கு அந்த 56 கட்டத்தை மட்டும் அனுப்புங்கள். வசனம் வேண்டாம், படம் வேண்டாம். இரண்டு நாளில் பார்த்துத் திருப்பி அனுப்புகிறோம், கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தமிழ் டப்பிங்கில் வசனம் எழுதுவதும் சரிபார்ப்பதும் தொழிலாகக் கொண்ட சிலர்